கடுவனா, பெட்டையா? தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நாய்க்குட்டி தேர்ந்தெடுக்கும் பாடம்

மாடு வாங்கப் போனால் பல்லைப் பார்க்கிறோம், சுழியைப் பார்க்கிறோம், மடியைத் தடவிப் பார்க்கிறோம். விதைநெல் வாங்கினால் ஒரு பிடி அள்ளி ஈரத்துணியில் முளைகட்டிப் பார்க்கிறோம். நாய்க்குட்டிக்கு மட்டும் ஒரே கேள்விதான். "கடுவன் குட்டி இருந்தா சொல்லுங்கண்ணே." இரண்டு நிமிடத்தில் முடிவாகி, கோணிப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். அந்தக் குட்டி பத்துப் பன்னிரண்டு வருடம் நம்மோடு இருக்கப்போகிறது. அந்தக் காலத்தில் நாம் எத்தனை ஆடு வாங்கி விற்றிருப்போம், எத்தனை கோழி மாறியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பண்ணையில் நம்மோடு அதிக காலம் இருக்கும் உயிர்களில் நாயும் ஒன்று.

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு ஈற்றில் ஆறு குட்டி என்றால், ஏறக்குறைய மூன்று கடுவன், மூன்று பெட்டை. கடுவன் மூன்றுக்கும் ஆள் வந்துவிடுகிறது. பெட்டை மூன்றும் கண் திறந்த சில நாளில் கண்மாய்க் கரையிலோ, சந்தைப்பேட்டைக்குப் பின்னாலோ, கறிக்கடை ஓரத்திலோ விடப்படுகின்றன. பிழைத்தவை தெருவில் வளர்ந்து, அடுத்த வருடமே குட்டி போடுகின்றன. ஊரில் தெருநாய் பெருகிவிட்டது, ஆட்டைக் கடிக்கிறது, பிள்ளைகளைத் துரத்துகிறது என்று புகார் சொல்கிறோம். அந்த நாய்களில் பல எங்கிருந்து வந்தன என்று யோசித்தால் பதில் நம் தோட்டத்து வாசலிலேயே இருக்கிறது.

மாட்டில் பெண் கன்று வேண்டும், காளைக்கன்று வேண்டாம் என்கிறோம். நாயில் அப்படியே தலைகீழ். இரண்டுமே யோசிக்காமல் வந்த பழக்கம்தான். கடுவன், பெட்டை இரண்டுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு என்ன, எந்த வேலைக்கு எது பொருந்தும், குட்டியை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதல் கேள்வி: என்ன வேலைக்கு?

ஆணா பெண்ணா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, இந்த நாய் என்ன வேலை செய்யப்போகிறது என்பது.

நம் தென்மாவட்டத்து நாய்கள் பெரும்பாலும் வேட்டைக்கென்றே வளர்க்கப்பட்ட வம்சங்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால் கொண்டவை. மோப்பத்தைவிடக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிப்பவை. முயல் வேட்டைக்குப் பேர் பெற்றவை. ராசபாளையம் உயரமும் பலமும் கூடியது. காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பயன்பட்டது. தேனி மாவட்டத்துக் கோம்பை கட்டையான, உறுதியான உடம்பு. அதுவும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர் போனது. இவை தவிர, பேர் இல்லாத நம்ம ஊர் நாட்டு நாய் இருக்கிறது. நோய் தாங்கும், கொடுத்ததைத் தின்னும், வெயிலுக்கு அசையாது.

வேட்டை என்று பேச்சு வந்தால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலோ, காட்டுப்பன்றியோ, மானோ, உடும்போ எதையும் நாயை விட்டுப் பிடிப்பது குற்றம். கொன்றால்தான் குற்றம் என்று நினைக்க வேண்டாம். பிடிக்க முயல்வதும், அதற்காகத் துரத்துவதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டைதான். மயில் நம் தேசியப் பறவை, உச்சப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பது. காட்டுப்பன்றித் தொல்லை தாங்கவில்லை என்றால் வனத்துறைக்கு எழுதிக் கொடுத்துத்தான் தீர்வு தேட வேண்டும். நாயை அவிழ்த்துவிட்டு நாமே தீர்த்துக்கொள்ள வழியில்லை.

அப்படியென்றால் வேட்டை வம்சத்து நாய்க்கு இன்று வேலையே இல்லையா? இருக்கிறது. வேலையின் பெயர்தான் மாறியிருக்கிறது. பிடிப்பது அல்ல, தடுப்பது. ராத்திரியில் பன்றிக் கூட்டம் வேலியருகே வரும்போதே குரைத்து நம்மை எழுப்புவது. நிலக்கடலைக் காட்டில் மயில் இறங்காமல் பார்த்துக்கொள்வது. குரங்கு வந்தால் சத்தம் போடுவது. கோழிக்கூண்டைச் சுற்றும் கீரியையும் காட்டுப்பூனையையும் ஒதுங்க வைப்பது. களத்து எலியையும் வரப்பு எலியையும் பிடிப்பது. எலிக்கு விசம் வைக்காத இயற்கை வழிப் பண்ணையில் இந்தக் கடைசி வேலை பெரிய உதவி.

ஆகவே வாங்கும் முன் ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா? ஆடு, கோழி எத்தனை? நிலம் ஊருக்குள்ளா, தனிக்காடா? வேலி உண்டா? ராத்திரி ஆள் தங்குவது உண்டா? ஏற்கெனவே நாய் இருக்கிறதா, அது ஆணா பெண்ணா? இதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்த பேச்சு.

கடுவனுக்கும் பெட்டைக்கும் உள்ள வேறுபாடு

ஊரில் பல பேச்சு உண்டு. "பெட்டை காவல் காக்காது." "கடுவன்தான் விசுவாசம்." இவற்றை ஒவ்வொன்றாகச் சலித்துப் பார்த்தால் நிற்பவை சில மட்டுமே.

உடம்பு: ஒரே வம்சத்தில் கடுவன் சில அங்குலம் உயரமாகவும், சில கிலோ கூடுதலாகவும் இருக்கும். தலையும் நெஞ்சும் அகலம். வாசலில் நின்றாலே வருகிறவன் தயங்குவான். பெட்டை மெல்லிசு, திரும்பி ஓடுவதில் சுறுசுறுப்பு. தீனிச் செலவும் கொஞ்சம் குறைவு.

புத்தி முதிர்வது: பொதுவாகப் பெட்டை சற்று முன்னதாகவே பக்குவப்படும். கடுவன் ஒன்றரை இரண்டு வயது வரைகூட விளையாட்டுப் பிள்ளையாகவே திரியும். பொறுமை இருந்தால் இது குறையல்ல.

ஊர் சுற்றுவது: பெரிய வேறுபாடு இங்கேதான். காயடிக்காத கடுவனுக்கு எங்கேயோ ஒரு பெட்டை பருவத்துக்கு வந்த வாடை காற்றில் வந்தால் போதும், வேலி தாண்டும், கயிறு அறுக்கும். இரண்டு மூன்று நாள் தீனி எடுக்காமல், ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். திரும்பி வரும்போது காது கிழிந்து, கால் நொண்டி வரும். சில வராமலே போகும். ரோட்டில் அடிபடுவதும், சண்டையில் கடிபட்டு வெறிநாய் நோய் வாங்குவதும் இந்த அலைச்சலில்தான்.

மூத்திரம் விட்டு எல்லை போடுவது: கடுவன் காலைத் தூக்கிக் கண்ட இடத்திலும் அடிக்கும். கீரைப் பாத்தி, விதை மூட்டை, மோட்டார் ரூம் கதவு எதுவும் மிச்சமில்லை. கீரை பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். பெட்டையும் செய்யும், ஆனால் குறைவு.

பருவம்: பெட்டை ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் முதல் பருவத்துக்கு வரும். உயரமான வேட்டை வம்சங்களில் ஒன்றரை வயதுகூட ஆகலாம். பிறகு பெரும்பாலும் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை. நாட்டு நாய்களில் பலவும் வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் நாய்க்கூட்டம் திரிவது அதனால்தான்.

காவல்: குரைப்பதிலும், அந்நியரை அடையாளம் காண்பதிலும் ஆண் பெண் வேறுபாடு ரொம்பக் குறைவு. அது வம்சத்தையும், தாயின் குணத்தையும், முதல் மூன்று மாத வளர்ப்பையும் பொறுத்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் இருக்கும் குண வேறுபாடு, ஆண் பெண் வேறுபாட்டைவிடப் பெரிது.

ஒரு சின்னக் கணக்கு

பெட்டை வேண்டாம் என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான். "யாருங்க பருவத்துல காவல் காக்கிறது, குட்டிய என்ன செய்யிறது?"

சரி, கணக்குப் போடுவோம். ஒரு பருவம் மூன்று வாரம். வருடத்தில் இரண்டு முறை என்றே வைத்தாலும் ஆறு வாரம். எப்போது வரும் என்று ஏறக்குறைய முன்கூட்டியே தெரியும். அந்த ஆறு வாரம் நாம் கவனமாக இருந்தால் மீதி நாற்பத்தாறு வாரமும் அது பட்டியை விட்டு நகராது.

கடுவனுக்கு அப்படி ஒரு நாட்காட்டி கிடையாது. சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெட்டை எப்போது பருவத்துக்கு வந்தாலும் அது நம் கடுவனின் பருவமும்தான். பன்றி வருகிற ராத்திரியில் அது நம் காட்டில் இருக்குமா, அடுத்த ஊரில் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது.

கருத்தடை செய்துவிட்டால் இந்த இரண்டு கணக்குமே அடிபட்டுப் போகும். அதைப் பிறகு பார்ப்போம்.

எந்தத் தேவைக்கு எது?

1. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு: பெட்டை முதல் தேர்வு. அளவில் சிறிது, சீக்கிரம் பக்குவப்படும், பிள்ளைகளை இடித்துத் தள்ளாது. ஆனால் குட்டி போட்ட பெட்டையின் அருகே பிள்ளைகளை விடக்கூடாது. எவ்வளவு சாதுவான நாயும் அந்த நேரத்தில் கடிக்கும்.

2. ஆட்டுப்பட்டி, கோழி: இங்கும் பெட்டை நல்ல தேர்வு, அல்லது காயடித்த கடுவன். பட்டிக்கு வேண்டியது பட்டியை விட்டு நகராத நாய். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஓட்ட வம்சத்தில் எதை எடுத்தாலும், ஓடுகிற கோழியைக் கண்டால் கால் துடிக்கும். கோழி நிறைய வைத்திருப்பவர்கள் நாட்டு நாய்க் குட்டியை எடுப்பது உத்தமம்.

3. தனிக்காடு, தென்னந்தோப்பு, பன்றித் தொல்லை: உருவமும் குரலும் பெரிதாக உள்ள கடுவன் பொருந்தும், துணைக்கு ஒரு பெட்டை இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு நாய் இருந்தால் பன்றிக் கூட்டம் தயங்கும். ஒற்றை நாய் முன்னேறிப் போய்க் கோரைப்பல்லில் கிழிபடும். பன்றியோடு சண்டை போட நாயை ஏவாதீர்கள். வயிறு கிழிந்த நாயைத் தைத்து எடுப்பது எல்லா ஊரிலும் நடக்கிற காரியமில்லை. நாய் எச்சரிக்கை மணி. பன்றியை நிறுத்துவது உயிர்வேலியும் நம் விளக்கும்தான்.

4. எலி பிடிக்க: ஆண் பெண் இரண்டும் சமம். தாய் எலி பிடிக்கிறவளா என்று கேளுங்கள். குட்டி அதைப் பார்த்துத்தான் பழகும்.

5. ஏற்கெனவே நாய் உள்ள இடம்: எதிர்ப் பாலைச் சேருங்கள். கடுவன் இருந்தால் பெட்டை, பெட்டை இருந்தால் கடுவன். ஒரே பாலில் இரண்டு வளர்ந்தால், ஒன்றரை இரண்டு வயதில் யார் பெரியவர் என்ற சண்டை வரலாம். ஒரே வீட்டில் இரண்டு பெட்டைக்குள் பகை மூண்டால் அது சுலபத்தில் ஆறாது. எதிர்ப் பால் சேர்த்தால் ஒன்றுக்காவது கருத்தடை கட்டாயம். அண்ணன் தங்கையாக ஒரே ஈற்றில் இரண்டு எடுத்தாலும் இதே விதி. நாய்க்கு உறவுமுறை தெரியாது.

குட்டியைப் பார்த்து எடுக்கும் முறை

வயது: 56 நாள், அதாவது எட்டு வாரம் முடிந்த குட்டியை எடுங்கள். அதற்கு முன் தாயிடமிருந்து பிரித்தால், கடியை அடக்கும் பாடம் பாதியில் நின்றுபோகும். கூடப்பிறந்த குட்டியை அழுத்திக் கடித்தால் அது கத்தும், விளையாட்டு நிற்கும். அப்படித்தான் பல்லை அடக்கக் கற்றுக்கொள்கிறது. முப்பது நாளில் பிரித்த குட்டி, பிள்ளைகளின் கையைக் கவ்வும்போது அழுத்தம் தெரியாமல் கவ்வும்.

தாய்: தாயைப் பார்க்காமல் குட்டி எடுக்காதீர்கள். நீங்கள் உள்ளே போனதும் குரைத்து, சொந்தக்காரர் சொன்னதும் அடங்குகிற தாய் நல்ல தாய். பயந்து மூலையில் ஒளிகிற தாயின் குட்டிகளிலும் அந்தப் பயம் வரும். பயந்த நாய்தான் முதலில் கடிக்கும்.

காது: குட்டிக்குத் தெரியாமல் பின்னால் நின்று கையைத் தட்டுங்கள், தட்டைக் கீழே போடுங்கள். முழு வெள்ளையாகப் பிறக்கும் ராசபாளையத்தில் காது கேளாத குட்டிகள் உண்டு. கண் நீலமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தனித்தனியாக எடுத்துச் சோதியுங்கள். கூட்டத்தில் இருந்தால் மற்ற குட்டியைப் பார்த்து அதுவும் திரும்பும், நாம் ஏமாந்துவிடுவோம்.

உடம்பு: கண்ணில் பீளை, மூக்கில் சளி இருக்கக்கூடாது. ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் புழுவோ உண்ணியோ ரத்தம் குடிக்கிறது. வயிறு மட்டும் பானைபோல் உப்பி விலா தெரிந்தால் குடற்புழு. தொப்புளில் மெத்தென்ற வீக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

கடுவன் குட்டி என்றால்: இரண்டு விதையும் பைக்குள் இறங்கியிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். எட்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கியிருக்கும். ஆறு மாதமாகியும் ஒன்று இறங்கவில்லை என்றால் இனி இறங்காது. அந்த நாயை இனவிருத்திக்கு விடக்கூடாது. குறை குட்டிக்கும் போகும். உள்ளே தங்கிய விதையில் பிற்காலத்தில் கட்டி வரலாம், ஆகவே அறுவை செய்து எடுத்துவிட வேண்டும்.

குணம்: எல்லாக் குட்டியையும் தள்ளிக்கொண்டு முதலில் ஓடிவந்து கடிப்பதும் வேண்டாம், கடைசியில் பதுங்குவதும் வேண்டாம். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு, பிறகு தானே வந்து மோந்து பார்க்கிற குட்டியை எடுங்கள். அது கடுவனாக இருந்தாலும் சரி, பெட்டையாக இருந்தாலும் சரி.

முதல் நூறு நாள்

நாயின் மனசு உருவாவது ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை. அமெரிக்காவில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து, 1965இல் நூலாக வெளியிட்ட முடிவு இது. அந்த வாரங்களில் எதோடு பழகுகிறதோ அதைத் தன் கூட்டம் என்று எடுத்துக்கொள்ளும்.

ஆகவே குட்டி வந்த நாளிலிருந்தே ஆட்டோடும் கோழியோடும் பழக்குங்கள். பட்டிக்குள் தடுப்பு வைத்து, ஆட்டின் வாடையிலும் சத்தத்திலும் தூங்கட்டும். சாதுவான தாய் ஆடு ஒன்று முட்டித் தள்ளினால் நல்லது, மரியாதை வரும். கோழியைத் துரத்தி விளையாடினால் "சின்னக் குட்டிதானே" என்று சிரிக்காதீர்கள். இன்று துரத்துவது ஆறாவது மாதத்தில் கொல்லும். கயிற்றில் பிடித்துக்கொண்டு, கோழி நடமாடும்போது அமைதியாக உட்கார்ந்தால் ஒரு வாய் தீனி கொடுங்கள். அடிப்பது வேண்டாம்.

தடுப்பூசி: ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது. மூன்று மாதத்தில் வெறிநாய் நோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசி, பிறகு வருடம் தவறாமல். இதில் இயற்கை மருத்துவம் என்று சமாதானம் வேண்டாம். வெறிநாய் நோய் கண்டபின் நாய்க்கும் மருந்தில்லை, மனிதருக்கும் மருந்தில்லை. நாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போய்விடுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள்.

குடற்புழு: மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கறி வெட்டும் இடத்தில் ஆட்டுத் தலையையும் ஈரலையும் பச்சையாக நாய்க்கு எறிகிறோம். அதில் இருக்கும் நாடாப்புழுக் கட்டி நாயின் குடலில் புழுவாகி, நாயின் கழிவு வழியாக மேய்ச்சல் காட்டில் முட்டையாகப் பரவி, மறுபடி ஆட்டுக்குள் போகிறது. ஆடு தலையைச் சாய்த்துச் சுற்றிச் சுற்றி வந்து விழுவதற்கு இது ஒரு காரணம். ஒருவகை நாடாப்புழு மனிதரின் ஈரலிலும் நீர்க்கட்டி உண்டாக்கும். நாய்க்குக் கறிக்கழிவு போட்டால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள். புழு மருந்து கேட்கும்போது நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

தீனி: கேப்பைக் கூழ், கம்பஞ்சோறு, மோர், முட்டை, வேகவைத்த கறிக்கழிவு, பருப்பு என்று வீட்டில் இருப்பதே போதும். வெறும் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் எலும்பு கோணும். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் குத்தும். பக்கத்துக் காட்டில் எலி விசம் வைத்தால் செத்த எலியைத் தின்று நம் நாய் சாகும். அக்கம்பக்கத்தில் பேசி வையுங்கள்.

பருவத்தைச் சமாளிப்பது

பெட்டையின் பருவத்தில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. முதல் ஒன்பது பத்து நாள் ரத்தம் படும். கடுவன்கள் சுற்றும், ஆனால் பெட்டை சீறி விரட்டும். பிறகு ரத்தம் வெளிறிக் குறையும். "அப்பாடா, முடிஞ்சுது" என்று அவிழ்த்து விடுவோம். உண்மையில் கருத்தரிக்கும் நாட்கள் அப்போதுதான் தொடங்குகின்றன. ரத்தம் பட்ட முதல் நாளைச் சுவர் நாட்காட்டியில் குறித்து, முழுசாக மூன்று வாரமும், அதற்கு மேல் சில நாளும் கூரையும் கதவும் உள்ள அறையில் வையுங்கள். வெளியே சங்கிலியில் கட்டினால் பயனில்லை. அது போகாது, கடுவன் வரும். கர்ப்பம் ஏறக்குறைய 63 நாள்.

பருவம் வராமல் தடுக்க ஹார்மோன் ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைப் போட்டால் கருப்பையில் சீழ் பிடிக்கவும், மடியில் கட்டி வரவும் வாய்ப்புக் கூடும். தவிர்த்துவிடுங்கள்.

குட்டி வேண்டாம் என்றால் கருத்தடை அறுவைதான் நல்ல வழி. அரசு கால்நடை மருத்துவமனையில் விசாரியுங்கள். பெட்டைக்கு முதல் பருவத்துக்கு முன் செய்தால் மடிக்கட்டி வருவது வெகுவாகக் குறையும்; கருப்பைச் சீழ் பயமும் இல்லை. உயரமான வம்சங்களுக்கு எலும்பு வளர்ந்து முடிந்தபின் செய்யச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் நாயைக் காட்டி முடிவெடுங்கள். பருவத்தில் இருக்கும்போது அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம். கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றுவது பெரும்பாலும் குறையும். கருத்தடையால் உடம்பு சற்றுப் பெருக்கலாம். தீனியைக் குறைத்து ஓட விடுங்கள்.

கருத்தடை செய்யாத பெட்டைக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்துக்குள் தீனி எடுக்காமல், தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்து, வயிறு உப்பினால் அன்றே மருத்துவரிடம் போங்கள். அது கருப்பைச் சீழாக இருக்கலாம். தள்ளிப் போட்டால் உயிர் போகும். தெருவில் கூடித் திரியும் நாய்க்கு, ஆண் பெண் எதுவானாலும், பிறப்புறுப்பில் பூக்கோசு மாதிரி கட்டி வந்து ரத்தம் சொட்டினால் அது இணைசேர்வதால் தொற்றும் புற்று. பார்த்துப் பயந்து நாயைத் துரத்திவிட வேண்டாம். வாரம் ஒரு ஊசி வீதம் சில வாரம் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும்.

உழவர்கள் கேட்கும் கேள்விகள்

"காயடிச்சா காவல் காக்குமா?"
காக்கும். தன் இடம், தன் ஆள் என்ற உணர்வு விதையில் இல்லை. குரைப்பதும் எலி பிடிப்பதும் அப்படியே இருக்கும். குறைவது அலைச்சலும், கடுவனோடு கடுவன் போடும் சண்டையும்.

"பெட்டை ஒருமுறையாவது குட்டி போட்டாத்தான் ஆரோக்கியம்னு சொல்றாங்களே?"
அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. குட்டி போடாத பெட்டை நல்ல ஆயுளோடு வாழும்.

"நாய் தானாவே போய் முயலைப் பிடிச்சிட்டு வந்தா?"
பழகவிடாதீர்கள். பகலில் மேற்பார்வையில் விடுங்கள், கூப்பிட்டால் திரும்பி வர சிறு வயதிலேயே பழக்குங்கள், ராத்திரி வேலிக்குள் வையுங்கள். காட்டை ஒட்டிய ஊர்களில் நாய் காட்டுக்குள் போனால் காட்டுயிருக்கும் ஆபத்து, சிறுத்தை உள்ள இடத்தில் நாய்க்கும் ஆபத்து.

"எங்க ஊரு வம்சம் அழியுது, இனம் பெருக்கலாமா?"
தாராளமாக. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாய் இனங்களுக்கு அஞ்சல்தலை வெளியிட்டபோது, நான்கில் ஒன்று நம் ராசபாளையம். ஆனால் தலையில் சுமக்கிற பெருமை வம்சத்தைக் காப்பாற்றாது. நெருங்கிய ரத்தத்தில் சேர்க்காமல், காது கேளாதவற்றையும் விதை இறங்காதவற்றையும் ஒதுக்கி, குட்டிகளுக்கு ஆள் உறுதியான பிறகு பெட்டையைச் சேர்க்க வேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை

நாட்டு விதையைக் காப்பவர்கள் நாம். விதைநெல்லில் பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டு இரகம் அழிகிறதே என்று வருந்தினால் யாராவது ஏற்பார்களா? பெட்டைக் குட்டியை ரோட்டோரம் விடுவது அதுதான். ஒரு வம்சம் நிற்பது நல்ல தாய்களால். கடுவன் ஒன்று பல ஊருக்குப் போதும். தாய் ஒவ்வொன்றும் வேண்டும்.

ஆகவே அடுத்தமுறை குட்டி பார்க்கப் போகும்போது "கடுவன் இருக்கா?" என்று கேட்பதற்கு முன், தாயைக் காட்டச் சொல்லுங்கள். கையைத் தட்டிப் பாருங்கள். ஈறைப் பாருங்கள். உங்கள் தாளில் எழுதிய வேலையை நினைத்துப் பாருங்கள். பட்டியும் பிள்ளைகளும் உள்ள பெரும்பாலான வீடுகளுக்கு, எல்லோரும் ஒதுக்கி வைத்த அந்தப் பெட்டைக் குட்டியே பொருத்தமாக இருக்கும். கடுவனை எடுத்தாலும் குறையில்லை, அலையவிடாமல் வளர்க்க ஆள் இருந்தால். எதை எடுத்தாலும், முதல் வாரத்தில் தடுப்பூசி நாளையும், பருவ நாளைக் குறிக்க ஒரு இடத்தையும் நாட்காட்டியில் எழுதி, சமையலறைச் சுவரில் மாட்டிவிடுங்கள்.